மேட்னி நேரத்துக்கு வரும் தேசப்பன்

கடல் கொண்டுபோன தேசப்பன் தன்னோட கருமாதி அன்னிக்கே, மெட்ராஸ்ல மேட்னி ஆட்டம் விடற நேரத்துக்குத் திரும்பி வந்தான். ஒல்லாந்தர் கல்லறை வாசல்ல நிக்கிற ரெண்டு கல் எலும்புக்கூட்டுக்கும் நடுவுல புகுந்து, கறுப்புப் போர்வை ஒண்ணைப் போர்த்திக்கிட்டு, எங்க பழவேற்காட்டுத் தெருவுல விடுவிடுன்னு நடந்து வந்தப்ப, அவன் உடம்பு வழியா அந்தப் பக்கம் காயப்போட்டிருந்த நெத்திலி தெரிஞ்சுது, அதைக் காவல் காத்துக்கிட்டிருந்த கோவிந்தம்மாவும் தெரிஞ்சா. யாரும் ஓடலை. பந்தல்ல உக்காந்திருந்தவங்க எழுந்து வழி விட்டாங்க, ஆக்கி இறக்கின சோத்தை என்ன பண்றதுன்னு சமையல்காரர் கேட்டார், கோவிந்தம்மா மட்டும் "நெத்திலி மேல மிதிக்காம போ தேசப்பா"ன்னு சொல்லிட்டுக் காக்கா ஓட்டற வேலையைப் பாத்தா. எங்க ஊர்க்காரங்களை உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குப் பயம் எல்லாம் அப்புறம்தான் வரும், முதல்ல வர்றது வேடிக்கை பாக்கற ஆசை.

நேரா அவன் வீட்டுக்குத்தான் போனான். உள்ள அவன் பொண்டாட்டி அஞ்சலாட்சிக்குத் தலை நிறைய பூவும் கை நிறைய வளையலும் போட்டு, இன்னும் கொஞ்ச நேரத்துல தாலியோட சேத்து எல்லாத்தையும் எடுத்துடறதுக்காகப் பொம்பளைங்க சுத்தி உக்காந்திருந்தாங்க. தேசப்பன் கதவு மேல கையை வச்சு நின்னான். அப்புறம் போறதுக்குத் திரும்பினவன் கழுத்தை மட்டும் பின்னால திருப்பி வாயைத் திறந்து ஏதோ சொன்னான், ஒரு பொட்டு சத்தம் வெளியில வரலை, அதுக்குள்ள நாலா பக்கமும் இருந்து கறுப்பா ஒரு வட்டம் சுருங்கிச் சுருங்கி வந்து காலை மூடி, தோளை மூடி, கண்ணை மூடி, கடைசியில அசையற வாய் மட்டும் தெரிஞ்சு, அதையும் மூடிக்கிச்சு. அஞ்சலாட்சி சின்ன வயசுக் காய்ச்சல்ல ரெண்டு காதும் அடைச்சுப் போனவ. யார் பேசினாலும் வாயைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவா. அவ அந்த வாயையே பாத்துக்கிட்டிருந்தா. அவ உதடும் சத்தமில்லாம அசைஞ்சுது. அப்புறம் பொம்பளைங்க பக்கம் திரும்பி, ஏத்த இறக்கம் இல்லாத அவ குரல்ல, "இந்தச் சடங்கு சாமானை எல்லாம் எடுத்துட்டுப் போங்க"ன்னா.

நாட்டார் கோதண்டம் நல்ல மனுஷன், ஊர்ப் பஞ்சாயத்துல அவர் பேச்சுதான் கடைசி. மென்ன வெத்தலையைத் துப்பிட்டுச் சொன்னார்.

"வந்துகினு கீறவனுக்கு இன்னாடா கருமாதி? வர்ற வரைக்கும் அவ சுமங்கலிதான். வராம நின்னா, அப்ப பாத்துக்கலாம்."

இதுக்கெல்லாம் காரணம் அந்த சினிமாக் கம்பெனிதான்னு நாங்க பேசிக்கிட்டோம், அதுக்கு மேல காரணம் தேடலை. படம் இன்னும் பேச ஆரம்பிக்காத காலம் அது. தேசப்பன் உசிரோட இருந்தப்ப, மெட்ராஸ்ல இருந்து கால்வாய் வழியா படகுல பெட்டி பெட்டியா சாமான் வந்து இறங்குச்சு, கூடவே ராவ் என்கிற மனுஷர் வந்து இறங்கினார். கையில எப்பவும் குடை இருக்கும், ஆனா அதைத் தனக்குப் பிடிக்கமாட்டார், கேமராவுக்குத்தான் பிடிப்பார். உச்சி வெயில்ல நின்னுக்கிட்டு இது நடுராத்திரின்னார். எப்படிங்கன்னு கேட்டா, அப்புறம் ஃபிலிமை நீலச் சாயத்துல முக்கி எடுத்துடுவோம்னார். அவர் நினைச்ச இடத்துல நிழல் விழலைன்னா, விளக்குக் கரியைக் குழைச்சு சுவர்லயே நிழலை வரைஞ்சுடச் சொன்னார். ஜன்னலே இல்லாத இடத்துல ஜன்னல் கம்பி நிழல் விழுந்துச்சு, கோவிந்தம்மா வீட்டுக் கோழி அந்த நிழல்ல போய் ஒதுங்கி நின்னு, முதுகு சுட்டதும் ஏமாந்து வெளியில வந்துச்சு. மூங்கிலும் துணியும் வச்சு ஒரு வீட்டு வாசலைக் கட்டினாங்க, அது ஒரு பக்கம் நெட்டையாவும் ஒரு பக்கம் குட்டையாவும் விழறாப்ல சாய்ஞ்சு நின்னுச்சு. எங்க ஊர்த் தச்சர் பாத்துட்டு மனசு கேக்காம, நேராக்கித் தரட்டுங்களான்னார். ராவ் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பேயா நடிக்க வந்த நடிகர் கல்லறை வாசல் எலும்புக்கூட்டைப் பாத்த அன்னிக்கே வயித்துவலின்னு படகேறிட்டார். அந்த இடத்துக்குத்தான், இறால் வலையைத் தோள்ல போட்டுக்கிட்டு அந்தப் பக்கமா போன தேசப்பனைப் பிடிச்சாங்க. பனைமர உயரம், ஒட்டின கன்னம், தொங்கவிட்டா முட்டியைத் தொடற கை. கண்ணைச் சுத்தி மையை அப்பி, மூஞ்சியில மாவைப் பூசினாங்க. முதல்ல ஆளே இல்லாத கல்லறையைப் படம் பிடிச்சாங்க. அப்புறம் கைப்பிடியைச் சுத்தி அதே ஃபிலிமைப் பின்னுக்குக் கொண்டுவந்து, தேசப்பனைக் கறுப்புத் துணி முன்னால நடக்கவிட்டு அது மேலயே இன்னொரு தடவை பிடிச்சாங்க. ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சா பின்னால இருக்கறது உடம்பு வழியாத் தெரியற பேய் கிடைக்கும்னு ராவ் சொன்னார். கைப்பிடியை மெதுவாச் சுத்தினா படத்துல வேகமா நடப்பான்னார். சாயங்கால வெயில் தரையோட படுத்துக் கிடக்கிற நேரத்துல அவனைக் கையைத் தூக்கச் சொன்னப்ப, விரல் நிழல் ஆளைவிடப் பெருசா நீண்டு, பூரான் மாதிரி சுவர்ல ஏறுச்சு.

கடைசி நாள் அந்தக் கோணல் கதவுல கை வச்சுட்டுத் திரும்பிப் போகணும். "போறப்ப சாபம் விடற மாதிரி வாயை அசை, எது வேணா சொல்லு, சத்தம் பதியாது, கடைசியா உன் வாயைச் சுத்திக் கறுப்பு வட்டம் போட்டுப் படத்தை மூடிடுவோம்"ன்னார் ராவ். தேசப்பன் ஏதோ சொன்னான். நாங்க எல்லாம் அவன் மூஞ்சி தெரியாத பக்கம், தாழம்புதர் ஓரமா நின்னோம், கடல் வேற இரைஞ்சுக்கிட்டிருந்துச்சு. ராவுக்குத் தமிழ் அரைகுறை, கேமராக்காரருக்கு அதுவும் இல்லை. பிரமாதம்னு சொல்லிட்டுப் பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

அப்புறம் கடல் அவனைக் கொண்டுபோச்சு. விடியறதுக்கு முன்னால கிளம்பறவன் அவன். அஞ்சலாட்சி தோளைத் தட்டி எழுப்பி, அரிக்கேன் விளக்கைத் தன் மூஞ்சிக்கு நேராத் தூக்கிப் பிடிச்சு, அவ வாயைப் பாக்கற மாதிரி சொல்லவேண்டியதைச் சொல்லிட்டுத்தான் படியிறங்குவான். அன்னிக்குக் காத்துல விளக்கு அணைஞ்சுபோச்சு. தோள்ல அவன் கை பட்டது அவளுக்குத் தெரிஞ்சுது, முகம் தெரியலை. முகத்துவாரத்துல கவிழ்ந்த படகு கரைக்கு வந்துச்சு, அவன் வரலை. படம் மெட்ராஸ்ல திரைக்கு வந்த அன்னிக்குத்தான் நாங்க கருமாதி வச்சிருந்தோம்னு, பிறகு கால்வாய்ப் படகுக்காரர் வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

படம் ஓட ஓட அவன் வந்தான். முதல்ல அந்த நிழல் வரும், நீள விரலோட சுவர் மேல ஏறிப்போகும், அதுக்குப் பின்னாலதான் ஆள் வருவான்; நிழல் ஏறற சுவர்ல யாராவது வறட்டி தட்டிக்கிட்டிருந்தா கையை எடுத்துட்டுக் கொஞ்சம் நகந்துக்குவாங்க, நிழல் போனதும் மறுபடி தட்டுவாங்க. மேட்னிக்கு அவன் தெருமுனை திரும்பினா மீன் ஏலத்தை முடிச்சுடணும்னு ஊர்ல வழக்கமாச்சு. பட்டப்பகல்ல அவன் மேல மட்டும் நீலமா ராத்திரி படிஞ்சிருக்கும், அந்த நீலத்தைப் பாத்து ரெண்டாவது ரீல் ஓடுதுன்னு படகுக்காரர் கணக்குச் சொல்லுவார். அவன் கை வைக்கிற நேரத்துக்கு அஞ்சலாட்சி வீட்டு வாசக்கால் ஒரு பக்கமா சாய்ஞ்சு கோணலாகும், அவன் போனதும் நிமிர்ந்துக்கும். அதனால அந்த நேரம் பாத்து அவ தண்ணிக் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்குவா, இல்லாட்டா சரிஞ்சு கொட்டிடும். ஒரு நாள் மெட்ராஸ்ல ஃபிலிம் அறுந்துபோய், ஒரு காலைத் தூக்கினபடியே தெருவுல நின்னுட்டான், அந்தப் பக்கம் மாட்டு வண்டி வந்து, அதை ஓட்டினவர் இறங்கி மாட்டைப் பிடிச்சுக்கிட்டு அவனைச் சுத்திப் போனார். இன்னொரு நாள் அங்க யாரோ ரீலைத் திருப்பிச் சுத்தினதுல, வீட்டுல இருந்து கல்லறை வரைக்கும் பின்பக்கமாவே நடந்து போனான், எதுலயும் இடிச்சுக்கலை. ஃபிலிம் தேயத் தேய அவன் மேல மேலிருந்து கீழா கோடு கோடா விழ ஆரம்பிச்சுது, எங்களுக்கு மழை மாதிரி தெரிஞ்சுது, அஞ்சலாட்சி வாசல்ல ஒரு ஓலைப் பாயைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. நனையாதவனுக்கு எதுக்குடின்னு கோவிந்தம்மா கேட்டா. சும்மா இருக்கட்டும்னா அவ.

எல்லாம் பழகிப்போச்சு. ஒண்ணு மட்டும் பழகலை. அவன் என்னதான் சொல்றான்?

கறுப்பு வட்டம் கடைசியா மூடறது அந்த வாயைத்தானே, அதனால எங்க கண்ணு முழுக்க அதுலயே போய் நின்னுச்சு. நெத்திலி நல்லா கீதுன்னு சொல்றான்னா கோவிந்தம்மா. இல்ல, வலையில ஓட்டை, அதைத் தைக்கச் சொல்றான்னார் பக்கத்து வீட்டுக்காரர். தன் கடைக்கு வந்து வெத்தலை கேக்கறதாக் கடைக்கார மரைக்காயர் அடிச்சுச் சொன்னார். ஊரே கண்ணாடி முன்னால நின்னு வாயை அசைச்சு அசைச்சுப் பழகுச்சு. பழகினதை விடமுடியாம, எதிர் எதிர் வீட்டுப் பொம்பளைங்க சத்தமே இல்லாம சண்டை போட்டாங்க, புருஷன்மார் சத்தமில்லாம திட்டு வாங்கினாங்க, தூளியில தூங்கற குழந்தைங்க நிம்மதியாத் தூங்குச்சு. ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் சொன்னதோட ஒத்துப்போகலை. தெரிஞ்சவ அஞ்சலாட்சி ஒருத்திதான், ஒவ்வொரு தடவையும் பதிலுக்கு அவளும் உதட்டை அசைப்பா, அதையும் எங்களால படிக்க முடியலை. கெஞ்சிக் கேட்டோம். "என்கிட்டதான சொல்றாரு"ன்னா, அதோட சரி.

அப்புறம் ஒரு நாள் டென்ட் கொட்டகை எங்க ஊருக்கே வந்துச்சு, அந்தப் படத்தோடயே. கூடவே சூசைநாதன் வந்தார். ஊமைப் படத்துக்குப் பக்கத்துல நின்னு கதை சொல்றவர் அவர். தகரக் குழலை வாயில வச்சா ராஜாவும் அவர்தான் ராணியும் அவர்தான், குதிரைக் குளம்புச் சத்தம்கூட அவர் தொண்டையில இருந்துதான் வரும். அஞ்சலாட்சி போகலை. "இங்கதான் வர்றாரே, அங்க போய் எதுக்கு?"ன்னு வாசல்லயே உக்காந்துட்டா. மத்த எல்லாரும் மணல்ல போய் இடம் பிடிச்சோம். எங்க தேசப்பனைத் திரையில பாத்து, டேய் நம்மாளுடான்னு ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டோம். கடைசியில அந்தக் கோணல் கதவு வந்துச்சு, கை வந்துச்சு, கழுத்து திரும்புச்சு, இத்தனை நாளா நாங்க தவிச்ச அந்த வாய் திறந்துச்சு, சூசைநாதன் குழலைத் தூக்கி அடிவயித்துல இருந்து கத்தினார்:

"இந்த ஊர்ல ஒவ்வொரு வீட்லயும் ஒரு உயிரை எடுக்காம ஓயமாட்டேன்!"

எங்களுக்குப் பயம் அப்புறம்தான் வரும்னு சொன்னேன் இல்லையா, அப்பத்தான் வந்துச்சு. இதையா இவன் தினமும் நம்ம தெருவுல நின்னு சொல்லிக்கிட்டிருந்தான்? இதுக்கா அவ தினமும் பதில் சொன்னா? மறுநாள் காலையில அஞ்சலாட்சி குடத்தோட வந்தப்ப கிணத்தடியில இருந்தவங்க ஒதுங்கிக்கிட்டாங்க. குழந்தைக்கு உடம்பு சுட்டா அவன்தான், வலை கிழிஞ்சா அவன்தான்னு பேச்சு ஓடுச்சு. நாட்டார் கோதண்டம் அவ வீட்டு முன்னால வந்து, வாய் நல்லாத் தெரியற மாதிரி வெளிச்சத்துல நின்னு, ராத்திரி கேட்டதை அவளுக்குச் சொன்னார்.

"ஊர் பயப்படுதும்மா. நாளைக்குப் பூசாரியைக் கூட்டிகினு வந்து, அவன் வராதபடி மந்திரம் போட்டு வாசலைக் கட்டிடலாம். நின்னுபோன கருமாதியையும் முடிச்சுடலாம். எனக்கு மட்டும் ஆசையா இன்னா?"

"அவரு அப்படிச் சொல்லலை மாமா."

"அப்ப இன்னாதாம்மா சொல்றான்? நீ வாயைத் தொறக்கமாட்டேன்றியே."

அவ நேராக் கொட்டகைக்கு நடந்தா. பின்னாலயே நாங்களும் போனோம், போகாம இருக்க முடியுமா. சூசைநாதன் உப்புத் தண்ணியால தொண்டையைக் கொப்பளிச்சுக்கிட்டிருந்தார். அவ யாருன்னு நாங்க சொன்னதும் துப்பிட்டு எழுந்து நின்னார், கையைத் துடைச்சுக்கிட்டார்.

"அண்ணே, எங்க வூட்டுக்காரரு சொல்றது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுமா. அந்த இடத்துல, பேச்சைக் காட்டற எழுத்து திரையில வராது. ஜனங்க அலறணும்னு கம்பெனியில சொல்லி அனுப்பினாங்க, நானா ஒண்ணு சேத்துக்கிட்டேன். உண்மையில என்ன சொல்றாரு?"

அஞ்சலாட்சி அவர் காதுகிட்ட போய்ச் சொன்னா. பக்கத்துல நின்ன கோவிந்தம்மாவுக்கே கேக்கலை, அந்தக் குறை கோவிந்தம்மாவுக்கு ரொம்ப நாள் இருந்துச்சு. சூசைநாதன் பெட்டி மேல உக்காந்துட்டார், கொஞ்ச நேரம் குழலைத் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"இதைச் சொன்னா ஒருத்தரும் அலறமாட்டாங்கம்மா. அலறலைன்னா பேய்ப்படம் எதுக்கு? கம்பெனி படத்தைப் பெட்டியில போட்டுப் பூட்டிடும். படம் ஓடலைன்னா உங்க வீட்டுக்காரர் வரமாட்டாருன்னு ஊர்ல சொல்றாங்களே. அதனால ஒண்ணு பண்றேன். உங்க ஊர்ல மட்டும் இதைச் சொல்றேன், மத்த ஊர்ல பழையபடியே கத்திக்கிறேன். அவரும் வந்துக்கிட்டு இருப்பாரு."

அவர் வாயைக் கடைசி வரைக்கும் பாத்துட்டு அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அழுதா. கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவரைப் பாத்துச் சொன்னா.

"கோவம் வந்தா அவரு வலையைத்தான் உதறுவாரு, யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஊர் ஊரா அவரு வாயில அந்தப் பேச்சு வேணாம்ணே. எல்லா ஊர்லயும் அவரு சொன்னதையே சொல்லுங்க."

"அப்புறம் வரமாட்டாரும்மா."

"தெரியும்ணே."

அன்னிக்குச் சாயங்காலம் ஆட்டத்துக்கு அவ வந்தா. பூ வச்சுக்கிட்டு, கல்யாணத்துக்குப் போற மாதிரி சேலை கட்டிக்கிட்டு, திரைக்கு முன்னால முதல் வரிசையில மணல்ல உக்காந்தா. நாங்க அவளையும் பாத்தோம், திரையையும் பாத்தோம். கல்லறை நீலமா வந்துச்சு, எலும்புக்கூடு வந்துச்சு, விரல் நிழல் சுவர்ல ஏறுச்சு. கதவு வர்ற நேரத்துக்குக் கொட்டகையோட பின்வாசல்ல இருந்த மூங்கில் படல் ஒரு பக்கமா சாய்ஞ்சு கோணலாச்சு. தேசப்பன் வீட்டுக்குப் போகாம, அவ இருக்கிற இடத்துக்கே வந்துட்டான். அஞ்சலாட்சி திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உக்காந்தா. எங்க தலைக்கு மேல, எங்களுக்குப் பின்னால, வாசல்ல நின்னவனை அவ பாத்தா. அவளுக்குப் பின்னால திரையில நின்னவனை நாங்க பாத்தோம். ரெண்டு வாயும் ஒண்ணாத் திறந்துச்சு.

சூசைநாதன் தகரக் குழலை மணல்ல வச்சார். வீட்ல பேசற குரல்ல சொன்னார்.

"அஞ்சலாட்சி, போயிட்டு வர்றேன்."

அவ்வளவுதான். வாசலுக்கு முதுகைக் காட்டறவன் வேற என்னத்தைச் சொல்லுவான், பொறந்ததுல இருந்து நாங்க ஒவ்வொருத்தரும் சொல்றதைத்தானே சொல்லியிருக்கான், சாபம் விடுடான்னு சொன்னாலும் அவனுக்கு வாயில வந்தது அதுதானே. வெத்தலைன்னும் வலைன்னும் கண்ணாடி முன்னால நின்ன எங்களுக்கு இது தோணலையே. வெக்கமா இருந்துச்சு. ஆனா வெக்கப்படக்கூட நேரம் இல்லை, அதுக்குள்ள எங்க வாய் தானாத் திறந்துடுச்சு. அதைக் கேட்டுட்டு சும்மா இருக்க யாருக்குத் தெரியும்? நாட்டார் சொன்னார், கோவிந்தம்மா சொன்னா, மரைக்காயர் சொன்னார், மடியில இருந்த குழந்தைங்ககூட மழலையில சொல்லுச்சு.

"போயிட்டு வா."

அஞ்சலாட்சிக்கு எங்க சத்தம் கேக்கலை. ஆனா திரையில இருந்து விழுந்த வெளிச்சத்துல அவளுக்கு எதிரே கொட்டகை நிறைய மூஞ்சிங்க, அத்தனை வாயும் ஒரே மாதிரி அசைஞ்சதைப் பாத்தா. இத்தனை நாளா அவ தனியாச் சொல்லிக்கிட்டிருந்த பதில் அது. அவளும் எங்களோட சேந்து சொன்னா, வாசலைப் பாத்து, முதல் தடவையா சத்தமா. கறுப்பு வட்டம் வந்து மூடிக்கிச்சு. மூங்கில் படல் நிமிர்ந்துச்சு.

சூசைநாதன் பேச்சு மாறாத மனுஷர். போன ஊர்ல எல்லாம் அப்படியே சொல்லியிருக்கார், போன ஊர்ல எல்லாம் ஜனங்க அலறாம பதில் சொல்லிட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்காங்க. கம்பெனி படத்தைப் பெட்டியில போட்டுடுச்சுன்னு கால்வாய்ப் படகுக்காரர் வந்து சொன்னார். அன்னிக்கு மேட்னி நேரத்துக்குத் தெரு முனையையே பாத்துக்கிட்டிருந்தோம். நிழல் வரலை. ஏலத்தை எப்ப முடிக்கறதுன்னு தெரியாம மீன் வெயில்ல கிடந்துச்சு. மறுநாளும் வரலை, அதுக்கு மறுநாளும் வரலை.

வராம நின்னா அப்ப பாத்துக்கலாம்னு நாட்டார் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருந்துச்சு. கடைசியில அவரே அஞ்சலாட்சி வீட்டு வாசலுக்கு வந்தார். பின்னால நாங்க எல்லாம் நின்னோம். வாய் நல்லாத் தெரியற மாதிரி வெளிச்சத்துல வந்து நின்னார். அஞ்சலாட்சி தாலியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு அவர் வாயைப் பாத்தா.

"வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்மா. ஊரே கூடிப் போயிட்டு வாடான்னு அனுப்பி வச்சிருக்கோம். அனுப்பிட்டு எந்த மூஞ்சியை வச்சுகினு கருமாதி பண்றது? நீ பாட்டுக்கு இரு."

கோவிந்தம்மா மடியில முடிஞ்சு கொண்டுவந்த பூவை எடுத்து அவ தலையில வச்சா. ஏலம் முடிஞ்ச சத்தம் தெருமுனையில கேட்டுது. அஞ்சலாட்சி வெயிலைப் பாத்து நேரத்தைக் கணிச்சுக்கிட்டு, வாசக்காலோரம் இருந்த தண்ணிக் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சா.